முப்பத்து மூன்றில் தொடங்காத எண்

இன்று காலை சாங்கி விமான நிலையத்திலிருந்து வந்த சரக்குப் பெட்டியைப் பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாடை கடை முழுக்கப் பரவியது. துணியைத் தொடுவதற்கு முன்னால் என் கை பில்லைத்தான் தேடியது. வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் முப்பத்து மூன்று. அப்படியென்றால் தமிழ்நாடு. முகவரியும் ஈரோடுதான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ போய்விட்டாய், உன் சந்தேகப் புத்தி மட்டும் என்னிடம் குடித்தனம் வந்துவிட்டது.

நீ இந்த ஊரிலேயே, புக்கிட் பாத்தோக்கில் பிறந்து வளர்ந்தவள். நான் கணவரின் வேலையோடு திருச்சியிலிருந்து வந்தவள். இருவரும் சேர்ந்து ஃபேரர் பார்க்கில் மாடியறை ஒன்றைப் பிடித்துத் துணிக்கடை போட்டபோது, நீ முதலில் சொல்லிக்கொடுத்தது யாரையும் நம்பாதே என்பதைத்தான். பக்கத்துப் பரோட்டாக் கடையில் பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். பதிவு எண்ணைக் காணோம். டீ ஆறுவதற்குள் நீ கைப்பேசியில் வரித்துறையின் பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டாய். கல்லாவில் இருந்தவரிடம், "பதிவு பண்ணாம வரி வாங்கக் கூடாதுலா அண்ணே, எடுத்துடுங்க" என்றாய். எடுத்துவிட்டார். அதிலிருந்து நம் தலையைக் கண்டாலே அவர் பில் போடமாட்டார், கணக்கை வாயால்தான் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும். நீ இன்னொரு பரோட்டா சொல்லுவாய்.

ஒரு தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. என் பெரியப்பா மகன் ஈரோட்டிலிருந்து மலிவாக அனுப்புவதாகச் சொன்னார். முன்பணம் மட்டும் நம் கையிருப்பு முழுவதையும் கேட்டது. தவறினால் கடை மூடவேண்டியதுதான். அவர் அனுப்பிய பில்லில் இந்திய ஜிஎஸ்டியும் சேர்ந்திருந்தது. அங்கேயும் ஜிஎஸ்டி, இங்கேயும் ஜிஎஸ்டி, போடத்தானே செய்வார்கள் என்று நான் நினைத்தேன். நீ நினைக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு அந்த வரியை நம் தலையில் கட்டக்கூடாது, இங்கே இறங்கும்போது இந்த ஊர் வரியை நாம் கட்டுகிறோம் என்று விளக்கிவிட்டு, "அப்ப இது எந்த கவர்ன்மென்ட்டுக்குப் போற வரி?" என்று கேட்டாய். அடுத்து எண்ணைப் பார்த்தாய். அது இருபத்தொன்பதில் தொடங்கியது. ஈரோட்டுக் கடைக்குக் கர்நாடக எண் எப்படி வந்தது என்று இந்திய அரசின் தளத்தில் போட்டுப் பார்த்தால், அது யாரோ ஒருவரின் இரும்புக்கடை, பதிவும் ரத்தாகியிருந்தது.

எனக்குக் கோபம் அண்ணன் மேல் வரவில்லை, உன் மேல்தான் வந்தது. என் ரத்த உறவையே சந்தேகப்படுகிறாயே என்று கத்தினேன். நீ கைப்பேசியை என் பக்கம் தள்ளி, "நீயே கேளு" என்றாய். அண்ணன் முதலில் தட்டச்சுப் பிழை என்றார். சரியான எண்ணைக் கேட்டதும் குரல் இனித்தது. "குடும்பத்துக்குள்ள நம்பரெல்லாம் எதுக்கும்மா?" என்றார். அந்த இனிப்பில்தான் எனக்கே சந்தேகம் தட்டியது. முன்பணம் போகவில்லை. பாதி காலியான அலமாரிகளோடு அந்தத் தீபாவளியைத் தள்ளினோம். ஊரில் வேறொருவர் அவரிடம் நன்றாக ஏமாந்ததாகப் பிறகு அம்மா போனில் சொன்னாள்.

கடை பிழைத்தது, ஆனால் என் மனதில் வேறொரு புழு புகுந்துகொண்டது. அண்ணனைத் தேடிப் பார்த்தவள் தங்கையை விட்டுவைத்திருப்பாளா? நான் கொள்முதல் முடித்து வரும்போது நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால்கூட எனக்குச் சுருக்கென்றிருக்கும். உன் சிரிப்பைக்கூட நான் சோதித்துப் பார்த்த நாட்கள் உண்டு.

இன்றைய பெட்டியை அனுப்பியது உன் தம்பி. மனைவியின் ஊரான ஈரோட்டில் துணி வியாபாரம் தொடங்கியிருக்கிறான். பேசிய முதல் நாளே அவனிடம் வரி எண் கேட்டேன். அவனுக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. "என்னையுமா அக்கா? லாத்தா இருந்திருந்தா இப்படிக் கேப்பாங்களா?" என்றான். அக்கா உன்னை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான். "உன் லாத்தா கேக்கமாட்டா. கேக்காமலே தேடிப் பாத்திருப்பா" என்றேன். பிறகு சிரித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். உன் தம்பி என்பதற்காக நான் விட்டுவிடவில்லை, தளத்தில் போட்டுப் பார்த்தேன். அவன் பெயர்தான் வந்தது.

மருத்துவமனையில் உனக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்த நாட்களில், அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், என்னையும் சோதித்துப் பார்த்திருப்பாய்தானே என்று. நீ கண்ணை மூடிக்கொண்டே, "உனக்குத்தான் நம்பர் இல்லையே லா" என்றாய். விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்று துணிகளை அடுக்கி முடித்து, உன் தம்பிக்குப் பணம் அனுப்ப வங்கிக் கணக்கைத் திறந்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கணக்கில் பணம் எடுக்க என் ஒருத்தியின் அனுமதியே போதும். ஏற்பாடு செய்தது நீ. பரோட்டாக் கடைக்காரரைக்கூட விட்டுவைக்காதவள், முழுக் கையிருப்பையும் பூட்டில்லாமல் என் கையில் கொடுத்திருந்தாய். நானோ உன்னை நம்பாமல் உன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.