இலந்தைப்பழமும் அக்காவின் கணக்குத் தேர்வும்

ஜனவரி 21, புதன்

பனிமூட்டம். எட்டு மணிக்கும் வெயில் இல்லை. கொல்கத்தாவில் பார்ப்பதையெல்லாம், என் மேல் தப்பிருந்தாலும், கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக முடிவு.

அப்பாவுக்கு இங்கே அலுவலகப் பயிற்சி. எனக்குப் பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு. தங்கல் ஜாதவ்பூரில், சித்தி வீட்டில். சித்தி மகள் மதுமிதா அக்கா (இனி ம.அ.) பத்தாம் வகுப்பு. அடுத்த மாதம் பொதுத்தேர்வு. கணக்கென்றால் அழுகை வரும்.

கீழ்வீட்டு அத்தை (இங்கே காகிமா) என் பெயர் கேட்டார். கயல் என்றால் மீன் என்று ம.அ. சொன்னதும் கன்னத்தைப் பிடித்து ஏதோ கூவினார். "மீன் பேரா, அப்ப இவ எங்க பொண்ணுங்கிறாங்க" என்றாள் ம.அ.

மெட்ரோவில் ஒரே பெட்டியில் பெங்காலி, இந்தி, உருது, நேபாளி. பிடித்தது: முன்பின் தெரியாத இரண்டு தாத்தாக்கள் அரசியல் பேசிச் சண்டையிட்டு, இறங்கும்போது கைகுலுக்கியது. பிடிக்காதது: ஆட்டோக்காரர் என்னை "மெட்ராஸி" என்றது. நான் மதுரை.

"விடு. இங்கேயே பிறந்த என்னையும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் ம.அ.

ஜனவரி 22, வியாழன்

குளிர் குறைவு. பெரிய தப்பு செய்துவிட்டேன்.

காலையில் சித்தியோடு கரியாஹாட் கடைத்தெரு. நடைபாதை முழுக்க மஞ்சள் புடவை. நாளை சரஸ்வதி பூஜை! நமக்கு நவராத்திரியில், இங்கே தை மாதத்தில். ஒரு கூடையில் இலந்தைப்பழம், எங்கள் பள்ளி வாசலில் விற்பதைவிடப் பெரிது. வாங்கி வந்து உப்பு, மிளகாய்ப்பொடி போட்டுக் குலுக்கினேன். ம.அ. கண்ணை மூடிக்கொண்டு சூத்திரம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஆ காட்டு."

காட்டினாள். மென்றாள். கண்ணைத் திறந்தாள்.

"ஐயோ, இது குல் தானே?" (இலந்தைக்கு இங்கே குல்.)

துப்புவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. பூஜைக்கு முன் மாணவர்கள் இலந்தை தின்றால் சரஸ்வதிக்குக் கோபம் வருமாம், தேர்வில் தோல்வியாம். ம.அ. ஒரு வருடம்கூடத் தின்றதில்லையாம்.

"அதெல்லாம் நமக்குக் கிடையாதுடி" என்றார் சித்தி.

"உனக்குக் கிடையாது. நான் இங்கதானேம்மா பரீட்சை எழுதுறேன்?"

சித்தி மிச்சப் பழத்தை எடுத்து உள்ளே வைத்தார். நான் மட்டும் என்ன, தேர்வு முடியும்வரை நகம் வெட்டாதவள்தானே.

ராத்திரிச் சாப்பாட்டின்போதும் ம.அ. என்னோடு பேசவில்லை.

ஜனவரி 24, சனி

நல்ல வெயில். நேற்று எழுதவில்லை. பூஜையன்று இங்கே படிக்கவும் எழுதவும் கூடாது. ம.அ.வுக்காக நான் காலண்டரைக்கூடப் படிக்கவில்லை. நல்லவேளை, கடைப் பலகைகள் எல்லாம் பெங்காலி.

நேற்று நடந்தது:

குடியிருப்புக் கூடத்தில் பூஜை. ம.அ. எனக்குப் புடவை கட்டிவிட்டாள். பேசவில்லை. கூடத்து வாசலில் பெரிய மாக்கோலம், போட்டது அவள் தோழி ஃபரீதா. எல்லாரும் பூவோடு வரிசையில். ம.அ. மட்டும் செருப்புகளுக்குப் பக்கத்தில். தின்றவள் பூப் போடக் கூடாதென்று அவளே தீர்மானித்துவிட்டாள்.

நான் பூசாரியிடம் போனேன். கல்லூரி அண்ணன், வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர். மேளச் சத்தத்தில் என் ஆங்கிலம் கேட்கவில்லை. கத்தினேன், "இலந்தைப்பழத்தை ஊட்டினது நான்தான், அவ மேல தப்பில்லை!"

சரியாக அப்போது மேளம் நின்றது. கூடமே திரும்பியது. ம.அ. என்னைப் பார்த்த பார்வை!

அண்ணன் வரிசையைப் பார்த்து, யாரெல்லாம் தின்றீர்கள் என்றார். (பேச்செல்லாம் ம.அ. பிறகு தமிழில் சொன்னது.) முதலில் ஒரு கை. அப்புறம் நாலைந்து.

"ஊறுகாய்தான்."

"சட்னி கணக்குல வராது!"

ஃபரீதா கத்தினாள், "அடிப்பாவிங்களா! நான் ஒருத்திதான் தின்னாம இருந்தேனா?"

"தின்னவங்களை எல்லாம் அனுப்பிட்டா, பூப் போட ஃபரீதா மட்டும்தான் மிச்சம்" என்றார் அண்ணன்.

ம.அ. கோபத்தோடேயே சிரித்துவிட்டாள். ஃபரீதா அவளை வரிசைக்குள் இழுத்தாள். ம.அ. தன் பூவில் பாதியை என் கையில் கொட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான்.

இன்று: பெட்டி கட்டியாயிற்று, நாளை ரயில். ம.அ. சாயங்காலம் முழுக்கக் கணக்கு. இப்போதுதான் படுத்தாள்.

"பயம் போயிடுச்சாக்கா?"

"பாதி. கணக்குப் பரீட்சை முடிஞ்சதும் முதல் போன் உனக்குத்தான். கஷ்டமா இருந்தா உன்னைத்தான் திட்டுவேன்."

"சுலபமா இருந்தா?"

"அப்ப அடுத்த வருஷமும் நீதான் வந்து ஊட்டணும்."

விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி இருட்டில்.