முட்டிச் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பாதியில் நின்றுவிட்டேன். மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. பாரம் முழுக்க என் வலது தோளில். முட்டி இரண்டும் வெடவெடக்கின்றன. காதோரத்தில் இவர், "விட்டுடு, விட்டுடு" என்கிறார். எங்கே விடுவது? தரையிலா? எப்படியோ கட்டில் விளிம்பிலேயே திரும்ப உட்காரவைத்தேன். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம், பஸ்ஸைப் பிடிக்க ஓடித் தவறவிட்டவர்கள் மாதிரி.

பக்கவாதத்தில் இவருக்கு இடது பக்கம் விழுந்த பிறகும் நான்தான் தூக்கி உட்காரவைக்கிறேன், குளிப்பாட்டுகிறேன். இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் தொலைபேசி முன்னால் உட்கார்ந்தே என் வேலைக்காலம் கழிந்தது. ஊரார் புகாரையெல்லாம் கேட்டு எழுதினேன். என் புகாரைக் கேட்க ஆள் இல்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் காட்டினார். முட்டிக்குள் இருக்கவேண்டிய மெத்தை தேய்ந்துவிட்டதாம். தோள் மூட்டும் இறுகிவிட்டதாம். "ஆபரேஷன் இப்ப வேண்டாம். சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் வந்தா முட்டிக்குப் பாரம் குறையும். கீழ்த்தளத்துல ரப்பர் பட்டை வச்சுப் பயிற்சி கொடுக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போனில். "அம்மா, நான் சொன்ன அந்த முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியாகுது. மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்."

"உங்க அப்பா என்ன பழைய சோபாவா, இடம் பார்த்துப் போடுறதுக்கு?"

"கோவப்படாதம்மா. ஒருநாள் ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா யாரும்மா தூக்குறது?"

நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது நெட்வொர்க்.

மாசக் கடைசி. அதற்குள் பலம் வந்தாக வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

மருத்துவமனையின் கீழ்த்தளம். சுவரோரமாக நாற்காலிகள். எல்லாம் என் வயது ஆட்கள், ஆளுக்கொரு மூட்டு. இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்ட ஒரு அம்மா தனக்குத் தானே 'இரும்பு இடுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறாள். "என்னைக் குப்பையில போட முடியாது, பழைய இரும்புக் கடைக்காரன் வந்துதான் எடுக்கணும்" என்றாள். சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

பயிற்சி தரும் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். பட்டையில் மஞ்சள் லேசானது, சிவப்பு அதற்கு மேல், பச்சை இன்னும் இறுக்கம். எனக்கு மஞ்சள். நாற்காலிக் காலில் பட்டையைக் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டி, முட்டியை மெதுவாக நீட்ட வேண்டும். அதைவிட மெதுவாக மடக்க வேண்டும். தோளுக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு பட்டையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் எலாஸ்டிக் நாடா மாதிரிதான் இருக்கிறது. இதுவா பலம் தரும்?

"லேசா வலிச்சாப் பரவாயில்லம்மா. மறுநாள் வீங்கினா குறைச்சுக்கணும். அவசரப்படுறவங்க முட்டிதான் முதல்ல கோவிச்சுக்கும்" என்றாள்.

"ஒரு ஆளைத் தூக்குற அளவுக்கு எப்ப பலம் வரும்?"

"யாரைத் தூக்கணும்?"

"பேரனை" என்றேன். எனக்குப் பேரனே கிடையாது.

மார்ச் 13, வியாழன்

தொடை வலி. முட்டி வலி இல்லை, தொடை வலி. இது நல்ல வலியாம்.

மார்ச் 18, செவ்வாய்

மஞ்சளில் ஒன்றும் நடக்காது. மாசம் ஓடுகிறது. இரும்பு இடுப்பிடம், "உன்கிட்ட பழைய பச்சை இருக்கா?" என்று கேட்டு வாங்கிவந்துவிட்டேன். பயிற்சிப் பெண்ணுக்குத் தெரியாது.

இவர் தூங்கும்போது சமையலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு. காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில். முட்டி கத்துகிறது. கத்தட்டும். யாருக்குத்தான் வலியில்லை?

மார்ச் 21, வெள்ளி

பட்டை அறுந்துவிட்டது. அதில் சின்னச் சின்ன வெடிப்புகள் இருந்திருக்கின்றன, நான் பார்க்கவில்லை. சாட்டை மாதிரி வந்து கண்ணுக்குக் கீழே அடித்தது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும்.

இவர் பார்த்துவிட்டார். வாய் கோணலாக, "யாரு அடிச்சது? சொல்லு, கேட்டுடறேன்" என்றார். முன்பெல்லாம் கனரக லாரி ஓட்டியவர். சாலையில் யாராவது வம்புக்கு வந்தால் இறங்கிப் போய்க் 'கேட்டுவிட்டு' வருவார். இப்போது கட்டிலிலிருந்து இறங்க நான் வேண்டும்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அவர் நம்பவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மார்ச் 25, செவ்வாய்

விழுந்துவிட்டார்.

மார்ச் 26, புதன்

எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் இவர் பாத்ரூம் போகவேண்டும் என்று கூப்பிட்டார். நான் கூடத்தில், காலை நீட்டி ஐஸ் வைத்திருந்தேன். "இதோ வர்றேன்" என்றேன். எழ முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து ஒரு தரம், இன்னொரு தரம்... முட்டி மடங்கவே மாட்டேன் என்கிறது. "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் காத்திருந்து காத்திருந்து தானே எழப் பார்த்திருக்கிறார். 'தொம்'மென்று சத்தம். ஐயோ, அந்தச் சத்தம்!

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். தரையில் கிடக்கிறார். வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. தூக்கலாம் என்று குனிந்தேன், நானும் பக்கத்தில் சரிந்துவிட்டேன். என்னால் மண்டி போட முடியாது. மண்டி போடாமல் தரையிலிருந்து எப்படி எழுவது? நல்லவேளை அவருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. புருவத்தில் மட்டும் காயம்.

கத்தினேன். மாடிவீட்டு டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். அதுவரைக்கும் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

மகள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

மார்ச் 29, சனி

இவரை இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். "தற்காலிகமாத்தாம்மா" என்றாள் மகள். அவளும் அழுதாள். அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வண்டியில் ஏற்றும்போது இவர் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

டீ இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வீக்கம் வற்றிவிட்டது. வகுப்புக்குப் போனேன். ஒரு நம்பிக்கைதான், சரியாகச் செய்தால், முறையாகச் செய்தால், அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று. பயிற்சிப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேரன் இல்லை என்பதையும், பச்சைப் பட்டையையும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவரைத் தூக்குற பலம் உங்களுக்கு வராதும்மா. எத்தனை வருஷம் செஞ்சாலும் வராது. எனக்கே கிடையாது" என்றாள். அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள். என் காதில் ஏறவில்லை.

வராதாம். வராதுன்னா அப்புறம் எதுக்கு இதெல்லாம்? எதுக்கு நான் காலையும் கையையும் ஆட்டிக்கிட்டு உட்காரணும்?

மஞ்சள் பட்டையைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைய நாளை எழுதவே கூடாது என்று நினைத்தேன்.

இல்லத்தின் மேலாளர் அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "தொடர்ந்து இருக்கிறதா, வீட்டுக்குக் கூட்டிப் போறதா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இங்கேயே இருக்கேன்" என்றார். தெளிவாக. பக்கவாதத்துக்கு அப்புறம் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மேலாளர் போனதும் கேட்டேன். "என்னைவிட இந்த இடம் ஒசத்தியாப் போச்சா?"

"கத்தாத."

"நான் உங்களுக்காகத்தானே அந்த ரப்பரை இழுத்து இழுத்து... கண்ணு போகப் பார்த்தது..."

"என்னைத் தூக்குன்னு நான் கேட்டேனா?" என்றார். வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது. "ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் உன் முட்டி சத்தம் போடும். உனக்குக் கேக்காது. என் காது உன் பக்கத்துலதானே இருக்கும். எனக்குக் கேக்கும். தெனம் காலைல கண்ணு முழிச்சதும் அந்தச் சத்தத்துக்குப் பயந்துகிட்டே படுத்திருப்பேன். போதும்."

பஸ்ஸில் வரும்போது வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேண்டாமாம். நான் வேண்டாமாம். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. ஆனால் முடிவில் வந்து நிற்பது அதுதானே?

ஏப்ரல் 30, புதன்

இன்று குளித்துவிட்டு முக்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. குழாயைப் பிடித்து எழுந்தால் குழாய் கையோடு வந்துவிடும். குடிநீர் அலுவலகத்துக்காரி வீட்டில் குழாய் உடைந்து வெள்ளம் என்று புகார் எழுதுவார்கள். அந்த நினைப்பில் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து எழுந்தேன். முதுகெல்லாம் சிராய்ப்பு.

இவர் பயந்தது இதற்குத்தானோ?

மே 5, திங்கள்

போனேன். வகுப்பு வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். இரும்பு இடுப்பு பார்த்துவிட்டாள். "வா வா, உன் நாற்காலியில யாரையும் உட்கார விடல. ரெண்டு பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்றாள்.

பயிற்சிப் பெண் புதுப் பட்டை கொடுத்தாள். மஞ்சள்தான். அன்று என் காதில் ஏறாததைத் திரும்பச் சொன்னாள். "நான் யாரையும் தூக்கறதில்லம்மா. அவங்க எழுந்திரிக்கும்போது பக்கத்துல நிக்கறேன். அவருக்கு வலது பக்கம் நல்லா இருக்குல்ல? அந்தப் பக்கத்துக்கு யாராவது வேலை கொடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. நான்தான் அவருக்கு ஒரு வேலையும் வைக்காமல் பார்த்துக்கொண்டேனே.

மே 18, ஞாயிறு

இல்லத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை கொண்டுபோனேன். அவருடைய வலது காலுக்கும் கைக்கும். அங்கே இருக்கும் பயிற்சியாளரும் பார்த்துச் சரி என்றார். இவர் பட்டையைக் கையில் வாங்கி, "இதுவா உன்னை அடிச்சது?" என்றார். அன்று கோபத்தில் நான் சொன்னதை மறக்கவில்லை.

பேச்சுவார்த்தை அவ்வளவுதான். இன்னும் கோபம் எனக்கு. ஆனாலும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

இல்லத்தில் இவரை எழ வைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. முன்னால் குனிந்து, மூக்கு கால்விரலைத் தாண்டி வரவேண்டும், அப்புறம் வலது கையால் நாற்காலியை அழுத்தி எழவேண்டும். இவர் குனியப் பயப்படுகிறார். மூன்றாவது தடவை வாயில் வராத வசவெல்லாம் வந்தது. பயிற்சியாளர் காது கேளாத மாதிரி இருந்தார். என் கை தானாகப் போகிறது, அக்குளில் கொடுத்துத் தூக்க. "அம்மா, கையை எடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டையைத் தொடவில்லை. எதற்கு? அவருக்கும் வராது, எனக்கும் வராது. இந்த வயதில் என்ன வரும்?

ஜூன் 2, திங்கள்

வகுப்புக்குப் போனேன். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எழுந்தார்.

விழாமல் பிடிக்க அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டை நான் பிடித்திருந்தேன். இழுக்கவில்லை. சத்தியமாக இழுக்கவில்லை. குனிந்தார், மூச்சை இழுத்தார், கை நடுங்க நடுங்க அழுத்தினார். என் கையில் பாரமே ஏறவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்கிறார். இவர் என்னைவிட உயரம் என்பதையே மறந்துபோயிருக்கிறேன்.

காதைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் வரல" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

முட்டி முழுக்கச் சரியாகவில்லை. ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்ந்த காலையில் இறுகத்தான் செய்கிறது. சிவப்புக்கு மாறியிருக்கிறேன், கேட்டுவிட்டுத்தான். முக்காலியிலிருந்து எழ முடிகிறது.

மகள் பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி வைக்க ஆள் அனுப்பினாள். இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றுக் காலை இவர் இல்லத்து வண்டியில் வந்தார். வாரக்கடைசிக்கு மட்டும் என்பது ஏற்பாடு. வந்ததும் ஜன்னல் திரை அழுக்கு என்றார், டீ ஆறிப்போச்சு என்றார், ரேடியோவை ஏன் இடம் மாற்றினாய் என்றார். இன்று மத்தியானம் திரைக்காகப் பெரிய சண்டை. பாதிச் சண்டையில் தானே நாற்காலியை அழுத்தி எழுந்து, இப்போது பழகியிருக்கும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய், எங்கே அழுக்கு என்று எனக்குக் காட்டினார். நான் பின்னாலேயே பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போனேன், திட்டிக்கொண்டே.

நாளைக்குக் காலையில் கூட்டிப்போக வண்டி வரும். ஓட்டுநருக்குப் போன் பண்ணி, கொஞ்சம் மெதுவாகவே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.