பச்சைக் கோன்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காத்து, நசநசன்னு தூறல். ஹாஸ்டல் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஒரே ஊறல் நாத்தம். கடைவாய்ப் பல் வலி. கேஸ் புக் பண்ணணும்.

மில் ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். போனை நீட்டி, "பாருங்க மேடம், நம்ம பேரு உலகம் பூரா நாறுது." ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சங்கம். எல்லா நாட்டிலும் கிளையாம், எங்களையெல்லாம் திருத்தப் பொறந்தவங்க. அவங்க பேஸ்புக் பக்கத்தில் ஒரு வீடியோ. மூஞ்சி மறைச்சிருக்கு. வெறும் கை, நூல் சுத்தற கோன். குரலையும் மாத்தி, ஆம்பளை மாதிரி. "எங்க போனைப் புடுங்கி வெச்சுக்குவாங்க. ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம்தான் தருவாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். வார்டன் பக்கத்துலயே நிப்பாங்க." இன்டர்நெட்டும் தொழிலாளி உரிமைதான்னு கீழே இங்கிலீஷில் பெருசா.

நிப்பேன்தான். நிக்காம? பொட்டப்புள்ளைகளை நம்பி உட்டுட்டுப் போனவங்களுக்கு யாரு பதில் சொல்றது, அந்தச் சங்கத்து வெள்ளைக்காரியா?

"யாருன்னு கண்டுபிடிங்க. இல்லைன்னா வார்டன் வேலைக்கு வேற ஆளைத்தான் பாக்கோணும். தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னார். என்ன மரியாதை!

ஜூலை 8, செவ்வாய்

ஹாஸ்டல் பூரா சோதனை. தலைகாணி உறை, ஊறுகாய் பாட்டில், நாப்கின் பாக்கெட். ஒளிச்சு வெச்ச போன் ஒண்ணும் சிக்கலை. ஒருத்தி தலைகாணிக்குள்ள அப்பன் போட்டோ. செத்துட்டாராம். பஞ்சையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் திருப்பிக் குடுத்தேன்.

மத்தியானம் வீடியோவை மறுபடி ஓட விட்டேன். அட! கோன் பச்சை. நம்ம மில்லில் சன்னம், மொத்தம்னு ஒவ்வொரு கவுண்ட் நூலுக்கும் ஒரு கலர் கோன், ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னு. பச்சைன்னா நாப்பதாம் நம்பர். அது ஓடறது ஒரே மிஷினில். கதவு வழியா வெயில் தெரியுது, அப்போ பகல் ஷிப்ட். பகல் ஷிப்ட்டில் அந்த மிஷினில் பவானிப் பக்கத்துப் புள்ள சரண்யா. மூஞ்சியை மறைச்ச மேதாவிகளுக்குக் கோனை மறைக்கத் தோணலை. சிரிச்ச சிரிப்பில் பல் வலியே மறந்துபோச்சு.

ஜூலை 9, புதன்

சரண்யாவை அனுப்பியாச்சு. "நான் இல்லீங்க மேடம்"ங்கறதையே திருப்பித் திருப்பி. அழவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். பொட்டியைக் கட்டிட்டு வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"வேலை சரியில்லைன்னு வீட்டுல சொல்லிக்குங்க மேடம். போன் விஷயம்னு மட்டும் சொல்லிராதீங்க. எங்க ஊட்டுல வேற மாதிரி நெனைச்சுக்குவாங்க."

"சரி கண்ணு"ன்னேன்.

கூட்டிட்டுப் போக வந்த அம்மாகிட்ட, "போன் விஷயமுங்க. மேல கேக்காதீங்க"ன்னேன். அந்தம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு. கேட்டைத் தாண்டறதுக்குள்ள மக முதுகில் ஓங்கி ஒரு அறை. மத்த புள்ளைக ஜன்னல்ல நின்னு பாத்தாளுக. பாக்கட்டும்னுதான் அந்த நேரத்துக்கு வரச் சொன்னதே.

ராத்திரி சப்பாத்தி. குருமாவில் உப்பு ஜாஸ்தி.

ஜூலை 11, வெள்ளி

இன்னொரு வீடியோ. அதே கை, அதே குரல். "பாவம், யாரையோ அனுப்பிட்டீங்க. பேசினது நான். அவளைத் திரும்பக் கூப்பிடுங்க."

ஸ்டோர்ஸ் ஆளைப் புடிச்சுக் கேட்டேன். "மஞ்ச கோன் தீந்துபோச்சுங்க மேடம். போன வாரம் பூரா மஞ்ச ஓடற மிஷினுக்கெல்லாம் பச்சையே குடுத்துப்போட்டனுங்க." குடுத்துப்போட்டானாம், மூதேவி! அப்போ சரண்யா சொன்னது நெசம்தான். நேரா ஜி.எம். ரூமுக்குப் போனேன்.

ஜி.எம். அசரலை. "அதுக்கென்னங்க இப்போ? மத்தவளுக பயந்தாளுகல்ல?" ஆனா சரண்யாவைத் திரும்பச் சேக்கச் சொல்லி நாடு நாடா மெயில் குவியுதாம். நம்மகிட்ட நூல் எடுக்கற கம்பெனியும் கேக்குதாம். "சங்கத்துக்காரங்க அவ ஊட்டுக்கே பேசுவாங்க. அவ வாயைத் தொறந்தா ஆர்டர் போச்சு, அப்புறம் நீங்களும் இங்க இருக்க முடியாது. பாத்துக்குங்க மேடம்."

பல்லைப் புடுங்கிடலாம்ங்கறார் டாக்டர். காசு புடுங்கறவன்.

ஜூலை 13, ஞாயிறு

போன் குடுக்கற நாள். கியூவில் சத்தமே இல்லை. எல்லாரும் "சாப்ட்டியாம்மா, சரி வெச்சுடறேன்"னு முடிச்சுக்கறாளுக. இப்படி அடக்கமா இருந்தா எனக்கென்ன தலையெழுத்து, பக்கத்துல நிக்க?

சரண்யா அம்மா கூப்பிட்டாங்க.

"ஏனுங்க மேடம், சங்கம்னு சொல்லிட்டு எவளோ ஒருத்தி ரெண்டு நாளா கூப்பிடறா. சரண்யாகிட்டப் பேசோணுமாம், திரும்ப வேலை வாங்கித் தாராங்களாம். அந்தப் பையனோட ஆளுங்களா இருக்குமுங்களா?"

எந்தப் பையன்னு கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள பின்னாடி சரண்யா கத்தறது கேட்டுச்சு: "மேடத்துகிட்டயே கேளும்மா, மேடத்துக்குத் தெரியும்!"

"அவங்களாத்தான் இருக்குமுங்க. பேச உடாதீங்க"ன்னேன்.

"நெனைச்சனுங்க. எத்தனை அடிச்சும் பேரைச் சொல்ல மாட்டேங்கறா. ஆடி போகட்டும், ஆவணி மொத முகூர்த்தத்துல எந்தம்பிக்கே கட்டி வெச்சுப்போடறமுங்க. நீங்க மகராசியா இருப்பீங்க, நல்ல வேளை சொன்னீங்க."

பத்திரிகை அனுப்புங்க, கண்டிப்பா வாரேன்னேன்.