ஸலேஹாவின் மரங்கள்

சிங்கப்பூர்,
09.03.1983

அன்பு மகள் ஜெஸீமாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் வாப்பாவும் இங்கு சுகம், நீயும் பாத்தும்மா சாச்சியும் அங்கு சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். வாப்பா நம்ம கடைக்குப் பிடவைத் துணி எடுக்கக் காலையிலேயே போய்விடுவார், அறைக்குள் அடைந்து கிடந்து எனக்குத் தலையிடி வந்ததால் மூன்றாம் நாள் தொடக்கம் என்னைப் பெரிய பூங்காவில் விட்டுவிட்டுப் போகிறார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எல்லாவற்றையும் சாய்த்த பிறகு நம்ம ஊரில் இப்படி மரங்களைக் கண்டதில்லை மகள். ஒவ்வொன்றும் பள்ளி மினாராவை விட உயரம், கிளையெல்லாம் செடி முளைத்துத் தாடிபோலத் தொங்குகிறது, மரம் நிற்கிற இடத்தில் பாதையை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். குளத்தில் ஆமை தலையை நீட்டுகிறது, ஒருவரும் கல்லெறிவதில்லை. நம்ம ஊர் மைனாவைப் போலவே ஒன்று மஞ்சள் சொண்டோடு நான் உட்கார்ந்திருந்த மர வாங்குக்குக் கிட்ட வந்து நின்றது, அதோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மழைக்காற்றில் பெரிய கொப்பொன்று முறிந்து தொங்கியது. முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி, உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், றப்பர்ச் சப்பாத்தோடு வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாலு ஆண்கள் அவள் சொன்னபடி ஏணி வைத்துக் கொப்பை இறக்கினார்கள், பிறகு அவளே ஏறி வெட்டிய இடத்தைத் தடவி மருந்து பூசினாள். இறங்கி வந்து எனக்கு ஸலாம் சொன்னாள், பெயர் ஸலேஹாவாம். வேலையாட்களில் இருந்த தமிழர் ஒருவர் எங்கள் பேச்சைப் பெயர்த்துச் சொன்னார். “இந்த வேலைக்கு உங்கட உம்மா விட்டவவா?” என்று கேட்டேன். இந்த வேலையைப் படிக்கப் போன நாளிலிருந்து ஒரு வருடம் உம்மா அவளோடு கதைக்கவேயில்லையாம், கதைக்கத் தொடங்கி ஆறு மாதத்தில் மௌத்தாகிவிட்டாவாம். வீணாய்ப் போன அந்த ஒரு வருடத்தைத்தான் இன்னும் நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

மகள், நான் உனக்கு ஒரு பிழை செய்துவிட்டேன். குண்டசாலை விவசாயப் பாடசாலைக்கு உன்னைத் தெரிவு செய்து கடிதம் வந்துவிட்டது. நாங்கள் புறப்பட முந்திய வெள்ளிக்கிழமை தபால்காரர் என் கையில்தான் தந்தார். கண்டிப் பக்கம் தனியே எப்படி இருப்பாய் என்று பயந்து அலுமாரியில் என் கலியாணச் சீலை மடிப்புக்குள் வைத்துவிட்டேன், நீ தினமும் படலையில் நின்று கடிதம் வந்ததா என்று அவரைக் கேட்டதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று அஸர் தொழுதபின் வாப்பாவிடம் சொன்னேன். அவர், “புள்ள போகட்டும், உடனே எழுது” என்றார்.

அலுமாரித் திறப்பு பாத்தும்மா சாச்சியிடம் இருக்கிறது. மாத முடிவுக்குள் நீ அங்கு போய்ச் சேரவேண்டும், றஸாக் மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, அங்கு குளிர், என் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொள், தொழுகையை விடாதே. பிந்திவிட்டதென்று சொன்னால் உம்மாதான் ஒளித்துவைத்தா என்று மறைக்காமல் சொல்லு, நானும் வந்து சொல்லுவேன். அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வான். என்மேல் கோபமென்றால் நான் வந்ததும் முகத்துக்கு நேரே ஏசு, கதைக்காமல் மட்டும் இராதே.

உன் உம்மா,
சரீபா