கொம்பு முளைத்த பூனை

மே 18, திங்கள்

லோடு வந்து இறங்கியது. நானூறு ஸ்கூல் பை. நானூறிலும் கொம்பன். மஞ்சள் பூனை, நெற்றியில் இரண்டு குட்டிக் கொம்பு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. டிவியில் வருகிற கார்ட்டூன். இந்த வருஷம் பிள்ளைகளுக்கு இதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று போன மாதமே மோப்பம் பிடித்துவிட்டேன். நடைபாதையில் குடை விற்றவன் நான். மேகம் கறுப்பதற்கு முன்னால் சரக்கை எடுக்கத் தெரியாதவன் நனைந்துதான் சாக வேண்டும்.

முதல் பையை வாண்டுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது வயது மகள், பையை மாட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

மே 20, புதன்

நாற்பது போய்விட்டது. பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள். கல்லாவில் உட்காரும் அக்கா சொல்கிறாள், “முதலாளி, இது பூனை இல்ல, புலி.”

மே 24, ஞாயிறு

புலி இன்று என்மேல் பாய்ந்தது.

சர்ச்சில் போதகர் பிரசங்க நடுவில் குரலைத் தாழ்த்தினார். “கொம்பு வச்ச ஒண்ணு உங்க வீட்டுக் கதவைத் தட்டினா திறப்பீங்களா? இப்ப அது உங்க பிள்ளைங்க முதுகுல தொங்கிக்கிட்டு உள்ள வருது.” சபை மொத்தமும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்களாம். கொம்பன் படம் போட்ட பொருளைப் பிள்ளைகள் தாங்களே கொண்டுவந்து அதில் போட வேண்டுமாம். பெட்டிக்குப் பொறுப்பு யார்? ஞாயிறு பள்ளி டீச்சர். அதாவது என் மனைவி.

ஊரெல்லாம் புருஷன் பூனை விற்கிறான், பெண்டாட்டி பூனை பிடிக்கிறாள். நல்ல குடும்பம்.

வீட்டுக்கு வரும் வழியில் டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீங்க என்ன செய்யப் போறீங்க?”

“யோசிக்கிறேன்.”

“நீங்க யோசிச்சா எனக்குப் பயமா இருக்கும்.”

மே 25, திங்கள்

சபையில் பிள்ளைகள் ஊழியத்துக்குத் தலைவர் டெய்லர் அண்ணன். பத்து மணிக்கே கடைக்கு வந்துவிட்டார்.

“என்னய்யா, சாத்தானை வரிசையா அடுக்கி வச்சிருக்க?”

“அண்ணே, அது பூனை.”

“பூனைக்கு எந்த ஊர்ல கொம்பு இருக்கு?”

“கொம்பு தெரியாட்டி?”

“தெரியாட்டின்னா?”

“ஒரு தொப்பி வச்சுத் தச்சுட்டா? சிவப்புத் துணியில, சின்னதா. அப்புறம் அது வெறும் பூனைதானே அண்ணே?”

அண்ணன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப் தானாகக் கைக்கு வந்து, பூனையின் மண்டையை அளந்துகொண்டிருந்தது. “ஒண்ணேகால் இஞ்ச்,” என்றார், ஜெபம் முடிக்கிற குரலில்.

இப்படி ஒரு யோசனை எனக்கு எங்கிருந்து வருகிறதோ!

மே 31, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

சபையில் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். “நாளையிலேருந்து என் கடையில கொம்புப் பூனை இருக்காது.” ஒரு வார்த்தை பொய் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் பூனையும் டெய்லர் கடையிலிருந்து தொப்பியோடு திரும்பி வந்தாயிற்று. சபை கை தட்டியது. போதகர் கண்ணில் தண்ணீர். டெய்லர் அண்ணன் பாட்டுப் புத்தகத்தில் எதையோ ரொம்ப நேரம் தேடினார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள் – அப்படி ஒரு பார்வை கல்யாணமான புதிதில் பார்த்தது.

பிறகு பிள்ளைகள் வரிசை. வாண்டு முதலில் போனாள். பையைப் பெட்டியில் வைத்தாள். பூனை முகம் கீழே போகாமல், மேலே பார்க்கும்படி வைத்தாள். அழவில்லை.

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறந்தது. வாண்டு போன வருஷத்துப் பழைய பையோடு போனாள். ஜிப் வேலை செய்யவில்லை. பை விற்பவன் மகள்.

ஜூன் 3, புதன்

அண்ணன் கெடுத்தார். இல்லை, வாழ வைத்தார். எப்படி எழுதுவது?

தொப்பியை மேல் ஓரத்தில் மட்டும் தைத்திருக்கிறார். “முந்நூறுக்கும் சுத்தித் தச்சா என் விரல் என்னத்துக்கு ஆகும்?” என்கிறார். ஒரு குட்டிப் பெண் கடையில் நின்று தொப்பியைச் சும்மா தூக்கிப் பார்த்தாள். “அம்மா! உள்ள கொம்பு ஒளிஞ்சிருக்கு!” அவ்வளவுதான். சாயங்காலம் கடை வாசலில் வரிசை. தூக்கினால் கொம்பு, விட்டால் பூனை. கம்பெனிக்காரனுக்கே தோன்றாத வித்தை.

“தொப்பி இல்லாத பையை ஒருத்தரும் தொட மாட்டேங்குறாங்க முதலாளி,” என்கிறாள் அக்கா. பிள்ளைகள் இழுத்துத் தொப்பி பிய்ந்துபோன பத்துப் பையையும் அண்ணனுக்கு அனுப்பினேன்.

சாத்தானுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளம்பரம் செய்திருக்கிறோம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

இன்று சிரிப்பு வரவில்லை.

சர்ச்சுக்குக் கிளம்பும்போது டீச்சர் சமையலறையிலிருந்தே மகளைக் கேட்டாள். “வாண்டு, கொம்புப் பூனை எதுவும் மிச்சம் வச்சிருக்கியா? இன்னைக்குப் பெட்டியை மூடப் போறோம்.”

“இல்லம்மா.” பளிச்சென்று பதில். கண்ணில் ஒரு சிமிட்டல்கூட இல்லை.

அவளுடைய வேதாகமத்தை எடுத்துக் கொடுக்கலாம் என்று தூக்கினேன். ஜிப் வைத்த உறை. ஒரு பக்கம் புடைத்திருந்தது. திறந்தால், சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் கொம்பன். கட்டைவிரல் அளவு சாவிக்கொத்துப் பொம்மை. தலையில் சிவப்புத் துணித் துண்டு, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

“என்னம்மா இது?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“தொப்பிப் பூனை. உங்க கடைப் பையில இருக்கிற மாதிரி.”

“அம்மாகிட்ட இல்லைன்னு சொன்னியே.”

“கொம்புப் பூனை இல்லைன்னுதானேப்பா சொன்னேன்? நீங்க சர்ச்ல சொன்ன மாதிரி.”

வியாபாரத்தில் இருபத்தைந்து வருஷம், எத்தனை பேரிடம் பேரம் பேசியிருப்பேன்! யாரும் என்னை இப்படி என் தராசிலேயே நிறுத்திக் காட்டியதில்லை.

அவளே தொடர்ந்தாள், பாடம் சொல்கிற மாதிரி. “கொம்பு எதுக்குன்னு தெரியுமாப்பா? பக்கத்துல யாராச்சும் பொய் சொன்னா அது சிவப்பா எரியும். அதான் கதையே. தொப்பி போட்டா எரியறது தெரியாது.”

தெரியாதே. எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கார்ட்டூனை ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. அரிசி வாங்கினால் நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிற ஆள் நான். நானூறு பை வாங்கியிருக்கிறேன், அந்தப் பூனை என்ன பேசும் என்றுகூடத் தெரியாமல்.

சர்ச்சில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூன் 8, திங்கள்

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சொன்னேன். ஞாயிறு பள்ளிக்காக அட்டையில் ஆட்டுக்குட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

“முந்நூத்துச் சொச்சம் பையிலயும் தொப்பியா?”

“அதுல முப்பது இன்னும் விக்கலை.”

“இந்தக் கணக்கை இப்ப யார் கேட்டா?”

ஆட்டுக்குட்டிக்கு ஒரு கால் குறைந்துபோயிற்று. வாண்டுவின் பொம்மையைப் பற்றிச் சொன்னபோதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“பிள்ளை கண்ணு வழியா உள்ள என்ன போகுதோன்னு பயந்து நான் வாசல்ல காவல் நின்னேன். நீங்க கூரையைப் பிரிச்சு உள்ள இறக்கிட்டீங்க.”

நோயாளியைக் கூரை பிரித்து இயேசு முன்னால் இறக்கிய கதை – வேதத்திலிருந்தே ஆயுதம் எடுக்கிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

“அப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு.” நான் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 10, புதன்

“அப்பாகிட்ட சொல்லு, இன்னைக்கும் ஆறுதுன்னு.”

ஜூன் 11, வியாழன்

போதகர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நானும் டியூபை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், தொப்பிக் கதையில் அவர் தோள் குலுங்கியது. பிறகு முகம் மாறியது.

“பாஸ்டர், நீங்க அந்தக் கார்ட்டூனைப் பாத்தீங்களா?”

“இல்ல,” என்றார் நேராக. “ஒருத்தர் போன்ல ஒரு வீடியோ அனுப்பினார். நாலு நிமிஷம். ஆபத்துன்னு சொல்லுச்சு. பிள்ளைங்க விஷயம், பதறிட்டேன்.”

“நீங்க பாக்காம வேண்டாம்னீங்க. நான் பாக்காம வித்தேன்.”

“அதுசரி. நான் ஒண்ணு கேக்கட்டுமா? பிள்ளைங்களுக்கு இது நல்லதுன்னு நினைச்சு விக்கிறீங்களா, ஓடுதுன்னு விக்கிறீங்களா?”

டியூபில் காற்று அடித்துப் பார்த்தோம். தண்ணீரில் முக்கினோம். இன்னொரு இடத்தில் குமிழி வந்தது.

“ஓடுதுன்னுதான்.”

“அப்ப நான் பயந்ததுல முழுசா தப்பில்லைதானே?”

தப்பில்லைதான். கண்டதையும் பிள்ளைகள் முன்னால் அடுக்குகிறவன் நான். யாராவது ஒருவர் பயப்பட வேண்டும். பார்த்துவிட்டுப் பயப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஜூன் 13, சனி

கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்தால், டீச்சர் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நோட்டு, காதில் பென்சில். பக்கத்தில் வாண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி.

“எத்தனை பாகம்?” என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“பதிமூணு. ஒன்பதாவது ஓடுது. பேசாம உக்காருங்க.”

நேராக என்னிடம் சொன்னாள்! உட்கார்ந்தேன்.

பதிமூன்றும் முடிந்ததும் நோட்டைப் பார்த்துத் தீர்ப்பு வாசித்தாள். “மந்திரம் எதுவும் இல்ல. கொம்பு பொய்யைக் காட்டுது, அது பரவாயில்ல. ஆனா அஞ்சாவதுல மீனைத் திருடிட்டு மன்னிப்பே கேக்கலை. எட்டாவதுல பெரியவங்களைக் கிண்டல் பண்ணுது. பாட்டு காது கிழியுது.”

“அஞ்சாவதுல அதுக்குப் பசிம்மா,” என்றாள் வாண்டு.

“பசிச்சா கேட்டு வாங்கணும்.”

அரை மணி நேரம் இருவரும் மீனைப் பற்றி வாதாடினார்கள். கடைசியில் வாண்டு எழுந்து போய், வேதாகம உறையிலிருந்து பொம்மையை எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தாள். தொப்பியைத் தானே கழற்றியிருந்தாள்.

“அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்தாம்மா.”

டீச்சர் அவள் தலையைக் கோதினாள். என்னை முறைத்தாள். அதுவும் நியாயம்தான்.

ஜூன் 14, ஞாயிறு

மறுபடி எழுந்து நின்றேன். முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை எதையும் பிடிக்கவில்லை, அதை யோசிக்க வேண்டும். “போன தடவை நான் சொன்னதுல வார்த்தை சரி, மனசு பொய்,” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், “உனக்கென்ன தனியா கொம்பா முளைச்சிருக்கு?” என்று சத்தமாகவே கேட்டார்.

அப்போது டெய்லர் அண்ணன் எழுந்தார். “தொப்பி தச்சது நான்தான். அளவெடுத்துத்தான் தச்சேன்.” சிரிப்பைச் சபையால் அடக்க முடியவில்லை. பாவம், அண்ணன் அதையும் பாவ அறிக்கையாகத்தான் சொன்னார்.

போதகர் தன் பங்கையும் சொன்னார், நாலு நிமிஷ வீடியோ உட்பட. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். பாதிப் பேர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிள்ளை, அவர்கள் இஷ்டம். வாண்டுவின் பை வீட்டுக்கு வந்தது. டிவி மட்டும் டீச்சர் பக்கத்தில் இருந்தால்தான்.

ஜூன் 15, திங்கள்

போன வாரமே விற்காமல் எடுத்து வைத்த முப்பது பையிலும் தொப்பியைப் பிரித்தேன். யாரையும் தொட விடவில்லை, நானே உட்கார்ந்து பிரித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஓடுற குதிரைக்குக் காலை ஒடிக்கிறீங்களே முதலாளி!”

ஜூன் 18, வியாழன்

ஒரு அம்மா கேட்டாள், “இந்தப் பூனை எப்படி, பிள்ளைங்க பாக்கலாமா?” அஞ்சாவது பாகத்தில் மீன் திருடும், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பையை வாங்காமல் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து வாங்கினாள்.

ஜூன் 24, புதன்

காலையில் அவசரம். உப்புமாவை ஒரு வாய் வைத்தேன். டீச்சர் கரண்டியோடு நின்று கேட்டாள், “எப்படி இருக்கு?”

“அருமை,” என்றேன்.

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, கதவுக் கொக்கியில் தொங்கிய பையைப் பார்த்தார்கள்.

“எரியுதாடி?” என்றாள் டீச்சர்.

“சிவப்பா எரியுதும்மா.”

உப்பு கம்மி. சொல்லிவிட்டேன்.