விடுபட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை.

மூத்தவளைப் பெண் பார்க்க இன்று பிலிமத்தலாவையிலிருந்து வந்திருந்தார்கள். கொண்டுவந்த லட்டு பஸ்ஸில் குலுங்கித் தூளாகியிருந்தது, அது கிடக்கட்டும். நடக்க முடியாத இளையவளை உள்ளறையில் வைத்துச் சாத்தி, பேச்சு கேட்காதபடி ரேடியோவையும் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பதிவு எழுதும் மிஸ் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, வீல் செயாருக்குப் பேர் எழுதுறோம், இன்னிக்குத்தான் கடைசி. நடக்க ஏலாதவங்க இருக்காங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார்.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லைங்க மிஸ்."

எல்லோரும் போன பிறகு கதவைத் திறந்தேன். இளையவள் தலை சீவி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். மிஸ் வருவார் என்று போன கிழமையே அவளிடம் சொல்லி வைத்தவன் நான்தான்.

"என் பேர எழுதிட்டாங்களாப்பா?"

"எழுதியாச்சு சாமி."

இந்த டயரியிலாவது எழுதி வைக்கிறேன். கலாவதி.