அடுப்புக்காரன் சாட்சி

விருத்தாசலம்,
ஞாயிறு

அன்பு மகன் பாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, சார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். இது முழுக்க என் கையெழுத்து, இந்த வயதில் கற்றுக்கொண்டது, ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது, ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அம்மா இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். எங்கள் பட்டறை முதலாளி ஆதிநாராயணன் உன்னைக் கூப்பிடுவதற்குள் படித்துவிடு.

உன் கம்பெனிக்கு நீ சொல்லி எங்கள் பட்டறையில் ஆர்டர் கொடுத்த நானூறு கதவுக்கு, ஒரு கதவு செய்ய எவ்வளவு எரிகிறது, எவ்வளவு புகை போகிறது என்று அளந்து கணக்குக் கொடுக்கச் சொன்னீர்கள் அல்லவா, அதற்குச் சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்தார். அளந்தாரா? முதலாளியின் ஏசி அறையில் உட்கார்ந்து மூன்று டீயும் ஒரு தட்டு முந்திரியும் அளந்தார். மரம் உலர்த்தும் கொட்டகையை, பதினோரு வருஷமாக நான் விறகு தள்ளும் அடுப்பை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷூவில் சாம்பல் ஒட்டிவிடுமாம். கடைசியில் எங்கள் கைநாட்டுக்காக ஒரு தாளை மட்டும் தமிழில் அடித்துக் கொடுத்தார். மேனேஜர் நடராசன் மைப்பெட்டியை நீட்டி, "பெரியவரே, வெரலக் குடுங்க, சட்டுனு முடிச்சிடலாம்" என்றார். நான் கண்ணாடியை மாட்டினேன். "கலெக்டரு ஃபைலு பாக்குறாருடோய்" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். மரமெல்லாம் வெயிலில் காய்ந்ததாம், விறகே எரிக்கவில்லையாம், இதற்கு அடுப்புக்காரன் கலியமூர்த்தி சாட்சியாம். அடுப்பே எரியாத இடத்துக்கு அடுப்புக்காரன் எதற்கு என்று யோசிக்காத படிப்பும் ஒரு படிப்பா?

அதன் கீழேயே எழுதினேன், ஒரு சுற்று மரம் காய ஒன்பது நாள், நாளுக்கு ஒரு டிராக்டர் விறகு என்று. கையெழுத்தும் போட்டேன். "யோவ், தாள வீணாக்கிட்டியேய்யா" என்று கத்தினார் அந்த ஆள். புகையை அளக்க வந்தவருக்குக் கவலையெல்லாம் ஒரு தாளைப் பற்றி! முதலாளி, "நாளையிலேருந்து வர வாணாம், ஒம் மவன் பொழப்புக்கும் நீயே உலை வச்சிட்ட" என்றார். என் வேலை போனது பெரிதில்லை. இந்த ஆர்டர் முடிந்தால் உன்னை சூப்பர்வைசர் ஆக்குவார்கள் என்று நீ சொன்னாயே, அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

நாளைக்கே வேறு தாள் அடித்து, வேறு எவன் கைநாட்டையோ வாங்கி உன் மேசைக்கு அனுப்புவார்கள். நான் எழுதிய தாளை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன், அதன் படமும் இத்துடன் வருகிறது. இரண்டையும் உன் மேலதிகாரி முன்னால் வை என்பதுதான் என் ஆசை. வைத்தால் நஷ்டம் உனக்கு, அதனால் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. ஒரு குறையும் இல்லாமல் பழமலைநாதர் உன்னைக் காக்கட்டும். தாள்களை மேலதிகாரி முன்னால் வைத்தாயா இல்லையா என்பதைப் போனில் அம்மாவிடம் சொல்லாதே. எனக்கு எழுது, நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
அ. கலியமூர்த்தி